வீட்டில் ஒரே ஓர் ஈத்துக் குட்டிகளை விற்கவும் பதிவு வேண்டுமா?

நொய்யல்கரை:
கோவையில் அக்கா வீட்டில் ஒரு லேப் (லாப்ரடார்) பெட்டை நாய் இருக்கிறது. இரண்டு வயது முடிந்துவிட்டது. அத்தானின் நண்பர் வீட்டில் நல்ல கடுவன் இருக்கிறது, இரண்டுக்கும் கென்னல் கிளப் பேப்பர் உண்டு. ஒரே ஒரு தடவை குட்டி போடவைக்கலாம், ஒன்றை வீட்டிலேயே வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடலாம் என்று யோசிக்கிறார்கள். இதை அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவில் சொன்னதும் ஒருவர் "பதிவில்லாமல் விற்றால் சட்டவிரோதம்" என்று சண்டைக்கு வந்துவிட்டார். தொழிலாகப் பண்ணுகிறவர்களுக்குத்தானே இதெல்லாம்? கென்னல் கிளப் பேப்பர் இருந்தால் போதாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருப்பங்கி:
போதாது. இந்தக் குழப்பம் ஊரெல்லாம் இருப்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2017 மே மாதம் நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்துத் தனி விதிகள் கொண்டுவந்தது. அதில் 'பிரீடர்' என்றால் இனநாய்களை வைத்திருந்து குட்டி எடுத்து விற்கிற தனிநபரோ குழுவோ. எத்தனை நாய் இருந்தால் என்று வரம்பெல்லாம் இல்லை. இடைத்தரகர், வாங்கி விற்கிறவர், போர்டிங் கென்னல் நடத்துகிறவர் வரைக்கும் அதே வளையத்துக்குள் வருகிறார்கள். மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் 5,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் சான்று கொடுப்பார்கள். செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018-இல் தனி விதிகள் வந்தன. அது வேறு பதிவு.

கென்னல் கிளப் என்பது சென்னையில் தலைமையகம் உள்ள ஒரு தனியார் சங்கம். அவர்கள் பேப்பர் உங்கள் நாயின் அப்பா அம்மா தாத்தா யார் என்று சொல்லும், அவ்வளவுதான். குட்டி விற்க அது உரிமம் ஆகாது. ஆனால் "கேசிஐ (இந்தியக் கென்னல் கிளப்) சர்ட்டிஃபைடு பிரீடர்" என்று இன்ஸ்டாவில் போட்டுக்கொண்டால் வாங்குகிறவர்கள் அதையே அரசாங்க முத்திரை மாதிரி நம்பிவிடுகிறார்கள்.

மாடிவீட்டு_லேப்:
வக்கீல் சார் சொல்வதெல்லாம் புத்தகத்தில் சரி. நடைமுறைக்கு வாங்க. நான் நாலைந்து வருடமாகப் பார்க்கிறேன், ஒருத்தர்கூட என்னிடம் பதிவு எண் கேட்டதில்லை. வாங்க வருகிறவர் கேட்பது இரண்டே கேள்வி: ரேட் என்ன, ஹெவி போனா, அதாவது எலும்பு தடித்த குட்டியா? பிடிபட்டால் அபராதம் எவ்வளவு தெரியுமா? நூறு ரூபாய். 5,000 கட்டிப் பதிவு செய்வதா, 100 கட்டிவிட்டுப் போவதா? நொய்யல்கரை ப்ரோ, ஒரு ஈத்துக்கு இவ்வளவு யோசிக்காதீங்க.

கருப்பங்கி:
நூறு ரூபாய் என்பது உண்மைதான். அந்தச் சட்டத்தின் கீழ் போடப்பட்ட விதிகளை மீறினால் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்தப் பின்பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். வதைக் குற்றத்துக்கே முதல் தடவை அதிகபட்சம் 50 ரூபாய் என்றுதான் 1960-இல் எழுதினார்கள், இன்றைக்கும் உச்சவரம்பு அதேதான். அன்றைக்கு ஐம்பது ரூபாய் ஒரு மாதச் சம்பளமாக இருந்திருக்கலாம், இன்றைக்கு டீயும் பஜ்ஜியும். 2022-இல் தண்டனையைக் கூட்டி ஒரு திருத்த வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள், அதோடு சரி.

ஆனால் ஒன்று. அபராதம் சின்னது என்பதால் விதி சின்னது ஆகிவிடாது. குட்டி செத்துப்போய், வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், பதிவில்லாமல் விற்றவர் அங்கே என்ன பேச முடியும்? முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்.

ஊசிமருந்து:
நான் கால்நடை மருத்துவர். பதிவு, அபராதம் எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த விதிகள் என்ன கேட்கின்றன என்று யாருமே இங்கே பேசவில்லையே. அதைப் பார்த்தால் நொய்யல்கரையின் அக்காவுக்கே பதில் கிடைத்துவிடும்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நம் ஊரில் என்ன நடக்கிறது? முப்பது நாளில் குட்டி கைமாறிவிடுகிறது, இருபத்தைந்து நாளிலேயே கூடையில் போட்டுக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். "சின்னதா இருக்கும்போதே வாங்கினாத்தான் ஒட்டும்" என்று வாங்குகிறவரும் அதையே கேட்கிறார். நாலாவது வாரத்திலிருந்துதான் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடி, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொள்கின்றன. அதற்குள் பிரித்துவிட்டால் ஆறு மாதம் கழித்து "டாக்டர், கையைக் கடிக்கிறான்" என்று என்னிடம்தான் வருவார்கள். அதைவிடப் பெரிய பிரச்சினை பார்வோ என்ற வைரஸ் நோய். பிறந்த முதல் நாள் குடிக்கும் சீம்பாலில்தான் குட்டிக்குத் தாயின் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் போய்ச் சேர்கிறது. அது வாரா வாரம் குறையும். குறைந்துகொண்டே வரும் அந்த இடைவெளியில் தடுப்பூசியும் முழுசாகப் பிடிக்காது, நோயும் சுலபமாகத் தொற்றும். அதனால்தான் ஆறு அல்லது எட்டு வாரத்தில் ஆரம்பித்து மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை போடச் சொல்கிறோம். சரியாக அந்த நேரத்தில் பயணம், புது இடம், புதுச் சாப்பாடு என்று குட்டியை அலைக்கழித்தால் என்ன ஆகும்? வாந்தி, ரத்தபேதி, மூன்றே நாள். தடுப்பூசிப் புத்தகத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், கையெழுத்து இருக்காது. இல்லாவிட்டால் எல்லாத் தேதியும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதியிருக்கும். பார்த்ததுமே தெரியும்.

அடுத்து, பெட்டைக்குப் பதினெட்டு மாதம் ஆகாமல் இணை சேர்க்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. அப்பா மகள், அண்ணன் தங்கை என்று சேர்க்கக் கூடாது. முன்னதாக மருத்துவச் சான்று வேண்டும். வாலை வெட்டுவது, காதை வெட்டி நிமிர்த்துவது, குரைக்காமல் இருக்கக் குரல்நாணை அறுப்பது எல்லாம் தடை. குட்டிக்கு மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சிப்) வேண்டும். ஆறு மாதம் தாண்டிய நாயை விற்பதென்றால் கருத்தடை செய்துதான் விற்க வேண்டும், வாங்குகிறவரும் பதிவு பெற்ற பிரீடர் என்றால் மட்டும் விலக்கு.

அக்காவிடம் கேளுங்கள்: லேப் என்றால் இடுப்பு மூட்டுக் கோளாறு வழிவழியாக வரக்கூடியது, எக்ஸ்ரே எடுத்தீர்களா? கடுவனுக்கு? பேப்பரில் தாத்தா பெயர் இருக்கும், தாத்தாவின் இடுப்பு எப்படி இருந்தது என்று இருக்காது.

சிப்பிப்பாறை_விருதுநகர்:
டாக்டரம்மாவோ ஐயாவோ, வணக்கம். எல்லாம் சரிதான், ஆனால் இந்த விதி யாரை மனதில் வைத்து எழுதினது என்று எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் பக்கம் சிப்பிப்பாறை, கன்னி என்ற நாட்டு நாய்கள் தோட்டத்தில் வளரும். பெட்டை ஈன்றால் சொந்தக்காரர், பங்காளி, பக்கத்து ஊர்க்காரர் வந்து பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். காசு வாங்கினால் வாங்குவோம், இல்லையென்றால் அடுத்த ஈத்தில் ஒரு குட்டி என்று பேச்சு. இதற்குப் பதிவு, சிப்பு, வருட அறிக்கை என்றால் எந்தச் சம்சாரி செய்வான்? ஏ.சி. ரூமில் ஹஸ்கி விற்கிறவனுக்குப் போட்ட சட்டத்தை எங்கள் தலையிலும் கட்டுகிறீர்கள்.

சைதாப்பேட்டையில் கால்நடைத் துறையே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எல்லாம் வைத்துக் குட்டி கொடுத்துக்கொண்டிருந்தது. 2016-இல் பராமரிப்பு சரியில்லை என்று விலங்கு நல வாரியம் சொல்லி, விவகாரம் கோர்ட் வரை போய் மூடிவிட்டார்கள். நாட்டு நாயை அழிக்கச் சதி என்று அப்போது இங்கே பேசாத ஆளில்லை. நான் சதி என்று சொல்லவில்லை. சரிசெய்வதை விட்டுவிட்டு மூடினார்கள், அதுதான் என் வருத்தம்.

ஊசிமருந்து:
ஐயா, வருத்தம் நியாயம். ஆனால் அரசாங்கமே நடத்தினாலும் நாய் ஈரத் தரையில் கிடந்தால் அது நாய்க்கு ஈரத் தரைதானே. நாட்டு நாய் என்பதால் விதி வேண்டாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ராஜபாளையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுத்த வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு இருந்தால்தான் அசல் என்று வெள்ளையோடு வெள்ளை சேர்த்துச் சேர்த்து, பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் நிறைய வந்துவிட்டன. உட்காதில் நிறமி செல்கள் இல்லாவிட்டால் அங்கே ஒலியை உணரும் செல்கள் சில வாரங்களில் செத்துவிடும், அப்புறம் என்ன செய்தாலும் திரும்பாது. காது கேட்காத குட்டியை ஊரில் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். குறைந்த எண்ணிக்கையில் இருக்கும் இனத்துக்குத்தான் யாரோடு யார் சேர்ந்தது என்ற பதிவேடு அதிகமாகத் தேவை.

சிப்பிப்பாறை_விருதுநகர்:
காது விஷயம் உண்மை. பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் குட்டி எடுப்பார்கள். ஆனால் அது ராஜபாளையம், எங்களுடையது வேறு ;) பதிவேடு வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. தாலுகா கால்நடை மருந்தகத்தில் ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள், ஐநூறு ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள், நானே வந்து எழுதுகிறேன். 5,000 ரூபாயும் சென்னைக்கு மனுவும் என்றால் ஒருத்தனும் வரமாட்டான்.

தெருநாய்க்கட்சி:
எல்லாரும் எப்படிக் குட்டி போடுவது என்றே பேசுகிறீர்கள், எதற்குப் போட வேண்டும் என்று ஒருத்தர் கேட்கவில்லை. ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் பக் நாய் ஓடினதும் ஊரெல்லாம் பக் வாங்கினார்கள். மூச்சு வாங்குகிறது, தோல் மடிப்பில் புண் வருகிறது என்றதும் பாதிப் பேர் கைகழுவினார்கள். பக் போய் ஹஸ்கி வந்தது, ஹஸ்கி போய் இப்போது ஷிட்சு. கொரோனா ஊரடங்கில் பொழுது போகாமல் வாங்கியவர்கள் ஆபீஸ் திறந்ததும் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போனதை நாங்கள்தான் தூக்கி வந்தோம். வயதான பெட்டைகளும் வரும், மடி தொங்கி, நகம் சுருண்டு, வெளிச்சத்தைப் பார்த்தே மிரளும். எத்தனை ஈத்து என்று யாருக்குத் தெரியும்? ஐந்துக்கு மேல் கூடாது என்று எழுதிவிட்டால் எண்ணுவது யார்?

அக்காவிடம் சொல்லுங்கள், கருத்தடை பண்ணிவிட்டு நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். "ஒரு தடவையாவது தாய்மை அனுபவிக்கட்டும்" என்பது நம் சீரியல் புத்தி, நாய்க்கு அப்படி ஓர் ஏக்கமும் கிடையாது.

மாடிவீட்டு_லேப்:
மேடம், எல்லாப் பிரீடரையும் ஒரே மூட்டையில் கட்டாதீங்க. என் பெட்டை என் கட்டிலில்தான் படுக்கிறது. நாங்கள் நிறுத்தினால் ஜனங்கள் நாய் வாங்குவதை நிறுத்திவிடுவார்களா? பெங்களூரில் இருந்தும் பஞ்சாபில் இருந்தும் கூண்டு கூண்டாக வந்து இறங்கும். வீட்டில் பார்த்துப் பார்த்து வளர்க்கிறவனை விரட்டிவிட்டு ஃபாக்டரிக்காரனுக்கு வழி விடுவீங்க.

தெருநாய்க்கட்சி:
வீட்டில் பார்த்துப் பார்த்து வளர்க்கிறவர் என்றால் பதிவு செய்ய என்ன தயக்கம் ப்ரோ? வந்து பார்த்தால் கட்டிலில் படுத்திருக்கும் நாயைத்தானே பார்க்கப்போகிறார்கள்?

மாடிவீட்டு_லேப்:
பதிவு செய்தால் ஜிஎஸ்டி, வருமான வரி, வீட்டு ஓனர், அசோசியேஷன் என்று வரிசையாக வருவார்கள். அதுதான் தயக்கம். வெளிப்படையாகவே சொல்கிறேன்.

கருப்பங்கி:
வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி, விவாதத்தில் இதுவரை வந்ததிலேயே நேர்மையான பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு எரிச்சல் தருவது வேறொன்று. அரசுகள் கையில் இருக்கிற விதியை அமல்படுத்துவதை விட்டுவிட்டு, இனப் பட்டியல் போட்டுத் தடை செய்வதில் ஓடுகின்றன. 2024 மார்ச்சில் மத்தியக் கால்நடைத் துறை பிட்புல், ராட்வீலர் உட்பட 23 வகைகளை இறக்குமதி செய்யவோ இனப்பெருக்கம் செய்யவோ விற்கவோ கூடாது என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விட்டது. ஏப்ரலிலேயே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, டெல்லியிலும் நிற்கவில்லை. காரணம், சம்பந்தப்பட்ட யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. ஊரே கொதித்தது, நியாயம்தான். அதே வருடம் தமிழ்நாடு ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கை கொண்டுவந்தது. அதில் தடைப் பட்டியலில் இருந்தவை ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக், பிரெஞ்சு புல்டாக், சௌ சௌ மாதிரியானவை, நம் வெயிலுக்கு ஆகாதவை என்று. கென்னல் கிளப் உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது.

பட்டியல் போட்டால் மறுநாள் செய்தி வரும். ஒவ்வொரு கென்னலாக ஏறி இறங்கிப் பெட்டையையும் பதிவேட்டையும் பார்ப்பது செய்தியாகாது, ஆளும் வேண்டும், வண்டியும் வேண்டும்.

ஊசிமருந்து:
பட்டியலில் எனக்கு அவ்வளவு வெறுப்பு இல்லை சார். கடிக்கிற நாய்ப் பட்டியல் வேறு, கஷ்டப்படுகிற நாய்ப் பட்டியல் வேறு. இரண்டாவதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது, பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். பிரெஞ்சு புல்டாக்குக்கு அந்த மூச்சே அடைப்பு. பெரும்பாலும் சிசேரியன் பண்ணித்தான் குட்டியை எடுக்கிறோம், தலை பெரிசு, இடுப்பு சின்னது. தானாக ஈனவே முடியாத ஓர் உயிரை ஏன் ஈனவைக்கிறோம்? நெதர்லாந்தில் மூக்கின் நீளம் மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாவிட்டால் அந்த நாயை வைத்துக் குட்டி எடுக்கக் கூடாது என்று அளவு வைத்திருக்கிறார்கள். பெயரைச் சொல்லித் தடை செய்யாமல் உடம்பை அளந்து தடை செய்கிறார்கள். அதை நாமும் யோசிக்கலாம்.

ஈஸ்ட்ஹாம்_வாசி:
லண்டனில் இருந்து எழுதுகிறேன். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் 'லூசி சட்டம்' நடப்பில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறைவான நாய்க்குட்டி, பூனைக்குட்டியைக் கடையோ தரகரோ விற்க முடியாது. ஒன்று, வளர்த்தவரிடமே போய் வாங்க வேண்டும், இல்லையென்றால் காப்பகத்தில் இருந்து எடுக்க வேண்டும். லூசி என்பது வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையில் இருந்து 2013-இல் மீட்கப்பட்ட கவலியர் இனப் பெட்டை நாய். ஈன்று ஈன்று முதுகு வளைந்துபோயிருந்தது. மூன்று வருடம்தான் வெளியே வாழ்ந்தது.

வருடத்துக்கு மூன்று ஈத்தோ அதற்கு மேலோ எடுத்தாலோ, எண்ணிக்கை குறைவென்றாலும் தொழிலாகச் செய்தாலோ உள்ளாட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும். ஹோட்டலுக்குக் கொடுப்பதுபோல ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரமும் உண்டு. ஒரே ஒரு தடவை வீட்டில் குட்டி போட்டு லாப நோக்கமில்லாமல் கொடுப்பவரைப் பொதுவாக விட்டுவிடுகிறார்கள். நொய்யல்கரையின் அக்கா மாதிரி ஆளுக்கு இங்கே உரிமம் தேவைப்படாமலும் இருக்கலாம். ஆனால் வாங்குகிறவர் வந்தால் தாயோடு சேர்த்துத்தான் குட்டியைக் காட்ட வேண்டும். இதுதான் எனக்குப் பிடித்த விஷயம், ஏனென்றால் இதைச் சரிபார்க்க அதிகாரி வேண்டாம், வாங்குகிறவனின் கண் போதும்.

ஏமாற்றும் இல்லாமல் இல்லை. வாடகைக்கு ஒரு வீடு எடுத்து, வேறொரு நாயைத் தாய் என்று சோபாவில் உட்காரவைத்து விற்றவர்களும் இங்கே உண்டு.

ஊசிமருந்து:
அதற்கு மடியைப் பார்த்தால் போதும். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஈன்ற பெட்டையின் மடி பொய் சொல்லாது. குட்டியும் தாயை முட்டிக்கொண்டு போகும். கேட்டதும் "தாய் ஊரில் இருக்கு சார், குட்டி மட்டும்தான் இங்கே" என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

தெருநாய்க்கட்சி:
நம் ஊரிலும் இதை வைக்கலாமே! குட்டி பஸ் ஸ்டாண்டில் கைமாறுவதுதான் இங்கே வழக்கம். ஜிபே அனுப்பினால் இரவு ஆம்னி பஸ்ஸில் லக்கேஜ் பெட்டியில் அட்டைப்பெட்டி வரும். பெட்டியில் நாலு ஓட்டை. தாயை வாங்குகிறவரும் பார்க்கவில்லை, வாங்குகிறவரைப் பிரீடரும் பார்க்கவில்லை.

நொய்யல்கரை:
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை. அக்காவுக்கு முழுசாக அனுப்பினேன். எக்ஸ்ரே என்றதும் அத்தானின் நண்பர் "அதெல்லாம் எதுக்கு" என்று பின்வாங்கிவிட்டார், கடுவனுக்கு ஏற்கெனவே மூன்று ஈத்து ஓடியிருக்கிறதாம். அக்கா இப்போது பாதி மனதாக இருக்கிறாள். இரண்டு கேள்வி மட்டும். ஒன்று, குட்டிகளை விற்காமல் சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுத்தால் பதிவு வேண்டுமா? இரண்டு, சேலத்தில் சித்தி ஒன்று கேட்கிறார், பஸ்ஸில் அனுப்பலாமா?

கருப்பங்கி:
முதல் கேள்விக்கு: விதி 'விற்பனைக்காக' என்றுதான் பேசுகிறது. உண்மையிலேயே சும்மா கொடுத்தால் பிரீடர் என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்பது என் கருத்து. "செலவுக்கு மட்டும் பத்தாயிரம்" என்றால் அது விற்பனை. இரண்டாவதற்கு: ஆள் துணையில்லாமல் லக்கேஜில் அனுப்புவது கூடவே கூடாது. 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில் நாய் பூனைக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவரின் சான்று கேட்கும். சேலம் என்ன தூரம், சித்தியையே வரச் சொல்லுங்கள். தாயையும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

மாடிவீட்டு_லேப்:
வக்கீல் சார், ஒரு சந்தேகம். விதிப்படி குட்டிக்குச் சிப் போட்டால் அந்த நம்பர் எங்கே ஏறும்? கென்னல் கிளப் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது, மாநகராட்சி லைசென்ஸுக்கு இன்னொன்று. நான் போட்ட சிப்பை வைத்து நாளைக்கு யாராவது ரோட்டில் விட்ட நாயை என் வீட்டு நாய் என்று கண்டுபிடிக்க முடியுமா?

கருப்பங்கி:
ஒன்றோடொன்று பேசாத பதிவேடுகள் இருக்கும்வரை கஷ்டம்தான். பில்லில் சிப் எண்ணையும் வாங்கியவர் விவரத்தையும் எழுதி ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது அந்த நாயை விட்டுவிட்டால் விட்டது நீங்கள் இல்லை என்று காட்ட உங்களிடம் இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான். அப்படியே பதிவுக்கும் மனு போட்டுவிடுங்கள், இவ்வளவு கேட்கிறீர்களே.

மாடிவீட்டு_லேப்:
யோசிக்கிறேன் சார். போடுகிறேன் என்று சொல்லவில்லை.

சிப்பிப்பாறை_விருதுநகர்:
சிப்பு போட ஒருமுறை இரண்டு குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனேன், எங்கள் பக்கத்து மருந்தகத்தில் படிக்கிற கருவியே இல்லை. டாக்டர், எங்கே போகலாம்?

ஊசிமருந்து:
திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரித்துப் பாருங்கள் ஐயா. 15 இலக்க எண் வருகிற சிப்தானா என்று கேட்டுப் போடுங்கள், போட்ட கையோடு கருவியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டிக்கரில் ஒரு பாதியைப் புத்தகத்தில் ஒட்டி, இன்னொன்றை உங்கள் நோட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். போகும்போது காதையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள், சிப்பிப்பாறையாகவே இருந்தாலும்.